ஈரக் கழிவு

கொலக்கம்பையில் ஆடி பிறந்தால்
தீக்குச்சியை மூன்று தரம் உரச வேண்டும்.
சுவரெல்லாம் வேர்வை. உப்பு டப்பாவுக்குள் குளம்.
இத்தனை தண்ணீருக்கு நடுவில்
என் வீட்டுக்காரருக்கு
நாளொன்றுக்கு ஒன்றேகால் லிட்டர்.

அதில் கஞ்சியும் சேரும், ரசமும் சேரும்,
மாத்திரை விழுங்கும் மடக்கும் சேரும்.
காலையில் பாட்டிலில் அளந்து வைப்பேன்;
கஞ்சி கொடுத்தால் அந்த அளவை
ஜன்னலோரச் செடிக்கு ஊற்றிவிடுவேன்.
ஜெரேனியம் அதனால்தான் இப்படிப் பூத்திருக்கிறது.

விடிந்ததும் எடை மெஷின்.
ஒன்றுக்குப் போய்வந்த பின், சாப்பாட்டுக்கு முன்,
ஸ்வெட்டர் இல்லாமல்.
நடுங்கிக்கொண்டே ஏறுவார்.
"அறுபத்தொன்று நானூறு" என்பேன்.
"முள்ளைச் சரியாப் பாரு" என்பார்.

முள் பார்க்க அவருக்குத் தெரியும்.
இருபத்தாறு வருஷம் பதினேழாம் நம்பர் காட்டில்
இலை நிறுத்த கணக்குப்பிள்ளை எஸ்தாக்கி.
மழை நாளில் எங்கள் சாக்கைக் கொக்கியில் மாட்டி
முள் ஆடி நிற்குமுன்பே சொல்லுவார்:
"இருபத்திரண்டு. ஈரக் கழிவு மூணு. பத்தொன்பது."
கல்யாணத்துக்கு முன்னும் அதே மூணு,
பின்னும் அதே மூணு.
பெண்டாட்டிக்கென்று கால் கிலோ விட்டதில்லை.

இப்போது நான் கழிக்கிறேன்.
இரண்டு நாளில் ஒன்றரைக் கிலோ ஏறினால்
அது சோறு இல்லை, சதை இல்லை.
கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால்
குழி அப்படியே நிற்கும்,
சேற்றில் மாட்டுக் குளம்படி மாதிரி.
இரவில் மூன்றாவது தலையணை கேட்பார்.
போன் போட்டுக் கேட்டால்
நீர் மாத்திரையில் அரை கூடும்.
அவரும் வாளியுமாக ஒரு பகல் போகும்.

போன வெள்ளிக்கிழமை கதை வேறு.
இரண்டு நாளாய் வயிற்றுப்போக்கு.
நானோ வழக்கம்போல் மாத்திரையைக் கொடுத்தேன்,
வழக்கம்போல் பாட்டிலை அளந்தேன்.
ஐம்பத்தெட்டு எண்ணூறு என்றது மெஷின்.
இறங்கினால் நல்லதுதானே என்று சந்தோஷப்பட்டேன், முட்டாள்.
கட்டிலிலிருந்து எழுந்தவர்
கதவு நிலையைப் பிடித்தார்,
நிலை அவரைப் பிடிக்கவில்லை.
சத்தமே இல்லாமல் தரையில் உட்கார்ந்தார்,
கட்டு அவிழ்ந்த சாக்கு.

கைப்பட்டை காற்றேறி இறங்கியது.
மேலே எழுபத்தெட்டு, கீழே நாற்பத்தாறு.
எப்போதும் தொண்ணூறு இருக்கும்; அதற்கே பயந்தவள் நான்.
"தலை சுத்தல் இல்லேன்னா அவருக்குத் தொண்ணூறு போதும்மா" என்று
குன்னூரில் டாக்டர் போஜன்தான் பழக்கியிருந்தார்.

சிக்னல் கிடைக்கும் ஒரே ஜன்னலில் நின்று கத்தினேன்.
அவர் நாலு கேள்வி கேட்டார்.
"தண்ணி வத்திப் போச்சு. நீர் மாத்திரை, பிரஷர் மாத்திரை
ரெண்டும் நான் சொல்ற வரைக்கும் வேணாம்.
படுக்க வெச்சுக் காலைத் தூக்கி வைங்க.
முழிப்பு இருக்கில்ல? ஒரு டம்ளர் தண்ணி,
கொஞ்சங் கொஞ்சமா. உடனே ஜீப் பிடிச்சு வாங்க."

ஒரு டம்ளர்.
எட்டு மாசத்தில் முதல்முறையாக
அளக்காமல் ஊற்றினேன், கை ஆடிற்று.
திருட்டுப் பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
"நோட்டுல எழுதினியா?"
"மழைக்கு மழை மூணு கிலோ பிடிச்சீங்களே,
அதுல திருப்பிக் குடுக்கிறேன். குடிங்க."
சிரித்தாரா இருமினாரா, தெரியவில்லை.
மஞ்சுக்குள் ஜீப் ஹாரன் மட்டும் முன்னால் வந்தது.

செவ்வாயன்று திரும்பினோம். அறுபது முந்நூறு.
நோட்டில் டாக்டர் இரண்டு கோடு போட்டிருக்கிறார்:
இதற்கு மேலே போனால் போன்,
இதற்குக் கீழே போனாலும் போன்.
எழுந்தவுடன் நிற்கக்கூடாதாம்.
கட்டிலோரத்தில் கால் தொங்கப்போட்டு ஐந்து நிமிஷம்.
நானும் பக்கத்தில், விழுந்தால் பிடிக்க.
வேறு வேலை இல்லாத ஐந்து நிமிஷம்.

நேற்று கேட்டார்:
"அந்த மூணு... உனக்கு ரொம்பக் கோபமா அப்ப?"

"ஏறுங்க மெஷின்ல" என்றேன்.